திண்ணைக்கு வந்த கட்டில்

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். கடைசிப் பதிவு நல்ல முண்டு வத்தலை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப் பற்றி. அதன் அடியில் "அடுத்த வாரம் உப்பளம்" என்று போட்டிருந்தேன். அந்த அடுத்த வாரம் வருவதற்கு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. உப்பளம் இன்னொரு நாள். இன்றைக்குக் கால்.

2024 ஆகஸ்ட். ஏர்வாடியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். சீமைக்கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டு மந்தை ஒன்று அப்படியே ரோட்டில் ஏறியது. பிரேக் போட்டேன். வண்டி சறுக்கி ஓரத்துக் கல்லில் போய் மோதியது. இடையில் என் வலது கால். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊரில் பாதிப் பேர் முதலில் கேட்டது அதைத்தான்.

முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பு. தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. 108 வந்து ராமநாதபுரம் கொண்டுபோனது, அங்கிருந்து அன்றிரவே மதுரை. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிற திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. 'இன்னுயிர் காப்போம்' என்று பெயர். என் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு அதைப் பற்றி வாயால் சொல்லியிருக்கிறேன். படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் அதன் அருமை புரிந்தது.

அந்த முன் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதே உங்கள் காலைத் தொட்டுப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேரே எலும்பு. அந்தப் பக்கம் சதையே கிடையாது. சதை இல்லாத இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் எலும்பு மெதுவாகத்தான் கூடும். போதாததற்கு எனக்கு எலும்பில் நாலு சென்டிமீட்டர் அளவுக்கு நொறுங்கி, அழுக்கேறி, எடுத்துப் போட வேண்டியதாகிவிட்டது. டாக்டர் நேரடியான ஆள். "ஒரு வருஷம்னு மனசுல வச்சுக்கங்க. கூட ஆனாலும் ஆகும்" என்றார். பிறகு, "சிகரெட் உண்டா?" என்றார். உண்டு என்றேன். "அப்ப ரெண்டு வருஷம்னு வச்சுக்கங்க" என்றார். புகை எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும். அன்றைக்கு விட்டது. பெருமைப்பட ஒன்றுமில்லை, எழுந்து பெட்டிக்கடைக்குப் போக முடிந்தால்தானே.

வீட்டுக்கு வந்ததும் உள் அறையில் கட்டில் போட்டார்கள். நோயாளி என்றால் உள் அறை, ஜன்னலைச் சாத்து, சத்தம் போடாதே, அதுதானே நம் வழக்கம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்று: தைரியமா இரு. சரி, இருக்கிறேன். ஆனால் அதை எப்படிச் செய்வது? சாப்பிடு என்றால் சாப்பிடலாம். முழங்காலை மடக்கு என்றால் பல்லைக் கடித்து மடக்கலாம். தைரியமா இரு என்றால் காலை ஆறு மணிக்கு எழுந்து நான் எந்தத் தசையை இறுக்க வேண்டும்?

மூன்று வாரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு பல்லி இருந்தது. அதோடு பழகிவிட்டேன். மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அம்மா கொண்டுவந்த கஞ்சியைத் தள்ளிவிட்டேன். எதையும் மறைத்து எழுதப் போவதில்லை.

இனி வருவது யாரும் யோசித்துச் செய்த காரியமில்லை. உள் அறையில் கரையான் ஏறிவிட்டது. மருந்தடிக்க வேண்டும், இரண்டு நாளைக்கு அறையில் யாரும் இருக்கக்கூடாது. நாலு பேராகக் கட்டிலோடு என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் திண்ணையில் வைத்தார்கள். சப்பரம் தூக்குகிற மாதிரி ஒருத்தன் முன்னால் 'பாத்து, பாத்து' என்று கத்திக்கொண்டே வந்தான்.

எங்கள் வீடு ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போகிற வழியில். மங்களநாதரைக் கும்பிட வருகிறவர்கள், அதைவிடக் கூட்டமாக வராகி அம்மனுக்கு வருகிறவர்கள், எல்லோரும் எங்கள் திண்ணையைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டில் வந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கார் ஒன்று நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அண்ணா, வராகி கோயிலுக்கு எப்படிங்க போறது?"

"நேரா போயி அங்கிட்டுத் திரும்புங்க. மஞ்சள் வாங்கிட்டீங்களா? அங்கன அரைச்சுக் குடுக்கணும்."

மூன்று வாரத்தில் நான் பேசிய முதல் உபயோகமான வாக்கியம் அது. கார் போன பிறகுதான் கவனித்தேன், வலி மட்டும் அங்கேயே இருந்தது. ஆனால் அந்த அரை நிமிஷம் நான் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, "அறை காஞ்சிருச்சு, உள்ள போலாம்" என்றாள் மனைவி. "கரையான் மருந்து வாடை இன்னும் போகலை" என்றேன். அந்த வாடை பத்து மாசம் போகவில்லை.

செப்டம்பர் கடைசியில் மறுபடி மதுரை. காலைச் சுற்றி வளையம் போட்டார்கள். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: காலைச் சுற்றி அடுக்கடுக்காக உலோக வளையங்கள், அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகள் தோலையும் எலும்பையும் துளைத்து அந்தப் பக்கம் வரும். வளையங்களை நீளமான திருகு கம்பிகள் இணைக்கும். முடுக்கு நட்டுகள் இருக்கும். எலும்பை வேறோர் இடத்தில் டாக்டர்களே வெட்டிவிட்டு, வெட்டிய துண்டை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் காலி இடத்தை நோக்கி நகர்த்துவார்கள். நகர நகர, பின்னால் புது எலும்பு வளர்ந்துகொண்டே வரும். ஒரு மில்லிமீட்டரை ஒரே முடுக்கில் கொடுக்கக்கூடாது, கால் கால் மில்லிமீட்டராக நாலு வேளை. எனக்கு நாலு சென்டிமீட்டர். ஆக நாற்பது நாள், நூற்றறுபது முடுக்கு.

இதைக் கண்டுபிடித்தவர் காவ்ரீல் இலிசாரோவ், சைபீரியாவில் குர்கான் பக்கத்து டாக்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம், கால் நொறுங்கிய சிப்பாய்கள் நிறைய, வசதியோ கிடையாது. 1950களின் தொடக்கத்தில் இந்த வளையத்தை உருவாக்கினார். ஆரம்பத்தில் சைக்கிள் சக்கரக் கம்பிகளையே வைத்துச் செய்து பார்த்தார் என்று சொல்வார்கள். ஒரு நோயாளி நட்டை இறுக்குவதற்குப் பதிலாகத் தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகிவிட, இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருந்ததைப் பார்த்துத்தான் இவருக்குப் பொறி தட்டியது என்றும் ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டில் முடுக்குகிற பொறுப்பு மனைவிக்கு. இந்தக் கதையை அவளிடம் சொன்னது என் தப்பு. ஒவ்வொரு முடுக்குக்கும் முன்னால் "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று மூன்று தடவை கேட்பாள். கடைசியில் நகப்பாலீஷால் வளையத்தில் ஓர் அம்புக்குறி போட்டோம்.

அந்த நட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். ஆஸ்பத்திரியில் கொடுத்ததை மூன்றாம் நாளே தொலைத்துவிட்டோம். எதிர்த்த சைக்கிள் கடைக்காரன், என்னோடு படித்தவன், கடையிலிருந்து ஒன்றைத் துடைத்து எடுத்து வந்தான். காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மாப்ள, கோட்டம் எடுக்கணும்னா நம்ம கடைக்கே வந்திருக்கலாம்ல. மதுரைக்கு எதுக்குப் போன?"

சிரித்ததில் கம்பி எல்லாம் சேர்ந்து இழுத்தது. வலியில் கண்ணீர் வந்தது, சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் விக்ரம் கதையைச் சொன்னார்கள். பரமக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கமல்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு விக்ரமும் நம்ம மாவட்டம்தான், அவருடைய அப்பா பரமக்குடிக்காரர். சென்னை லயோலாவில் படிக்கும்போது, ஐஐடி விழாவில் நடிப்புக்குப் பரிசு வாங்கிவிட்டுப் பைக்கில் திரும்புகிற வழியில் லாரி மோதிக் கால் நொறுங்கியது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை. 23 அறுவை சிகிச்சை, மூன்று வருஷம் படுக்கை, பிறகு ஒரு வருஷம் ஊன்றுகோல். அவரே பல பேட்டிகளில் சொன்னதுதான்.

முதல் இரண்டு மாசம் இந்தக் கதை எனக்குப் பாரமாகத்தான் இருந்தது. 23 எங்கே, என் மூன்று எங்கே என்று குறுகிப்போவேன். அடுத்தவனுடைய பெரிய கஷ்டத்தைக் காட்டி நம் கஷ்டத்தைச் சின்னதாக்குவது ஒரு ஆறுதல் என்று யார் கண்டுபிடித்தார்களோ. அப்புறம் ஒரு நாள் திண்ணையில் படுத்தபடி செல்போனில் அவருடைய படப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் படம் 1990. 'சேது' வந்தது 1999 டிசம்பரில். அதாவது கால் சரியாகி எழுந்து நடந்த பிறகும் ஒன்பது வருஷம். நடுவில் அஜித்துக்கு 'அமராவதி'யில், பிரபுதேவாவுக்குக் 'காதல'னில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் படுத்தார், எழுந்தார், ஜெயித்தார் என்று எல்லோரும் சொல்கிற கதையில் இந்த ஒன்பது வருஷம் விழுந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் இருந்திருக்கிறார். வேறொருவருடைய முகத்துக்குத் தன் குரல் என்றாலும் சரி என்று.

இலிசாரோவின் நோயாளிகளில் பிரபலமானவர் வலேரி புருமேல். உயரம் தாண்டுகிறவர். 1963இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை, 1964 டோக்கியோவில் தங்கம், 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்து. பல அறுவை சிகிச்சைகளில் சரியாகாத கால் 1968இல் குர்கானுக்குப் போன பிறகு சரியாயிற்று. மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். ஆனால் அந்த 2.28ஐ அவர் திரும்பத் தொடவே இல்லை. இந்தக் கடைசி வரியையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்தக் கதை எனக்கு உதவியது. உலகத்திலேயே உயரமாகத் தாண்டிய ஆள், தன் பழைய உயரம் வராது என்று தெரிந்தும் போய்த் தாண்டியிருக்கிறார்.

எனக்கு இன்னொரு துணையும் இருந்தது. பாம்பன் பாலம்.

சிரிக்காதீர்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். உப்புக்காற்றில் இரும்பு அரித்துவிட்டது. பக்கத்திலேயே புதுப்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, கப்பல் வந்தால் அப்படியே செங்குத்தாக மேலே போகும். நான் படுத்த காலத்தில் உள்ளூர்ச் செய்தியைத் திறந்தாலே பாலம்தான். சைக்கிள் கடைக்காரன் பந்தயம் கட்டினான்: முதலில் திறக்கப்போவது பாலமா, என் காலா? தோற்றவன் ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

நவம்பர் 13ஆம் தேதி ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தைப் பரிசோதிக்க வந்தார். அந்த வாரம்தான் என் நாற்பது நாள் முடிந்து எக்ஸ்ரேக்குப் போனேன். துண்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. பின்னால் வளர்ந்த எலும்பு மேகம் மாதிரித் தெரிந்தது. "இது இனிமேத்தான் கெட்டியாகணும். நகர்த்துனதவிடக் கூடுதலா, பல மாசம் ஆகும்" என்றார் டாக்டர். நான் நாற்பது நாளை எண்ணி எண்ணி முடித்துவிட்டு, அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. திருகுவதற்கும் இனி ஒன்றுமில்லை. நாலு வேளை ஒரு வேலை என்று இருந்தது, அதுவும் போயிற்று.

இந்த இடத்தில்தான் மனசு நிஜமாகவே விழுந்தது. டிசம்பரில் ஒரு கம்பி போன துளையில் சீழ் வைத்துக் காய்ச்சல். திண்ணையில் இருந்தாலும் தெருப்பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தேன். வழி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. ஒருத்தர் பாவம், ஊமை என்று நினைத்துச் சைகையில் கேட்டார். அப்போதும் திரும்பவில்லை. இப்படிக் கிடந்த மூன்று வாரத்தைத் தாண்டியது மன உறுதியால் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆன்டிபயாட்டிக்கால் தாண்டினேன். காய்ச்சல் விட்டது, பசித்தது, பசித்ததும் அம்மாவின் நண்டு ரசம் வாசம் மூக்கில் ஏறியது. மனசு அதற்குப் பின்னால்தான் வந்தது. நொந்துபோயிருக்கும் நோயாளிக்கு அறிவுரை சொல்வதற்கு முன்னால் காய்ச்சல் பாருங்கள், தூங்கினானா என்று கேளுங்கள்.

அம்மா விடியற்காலையில் திருவாசகம் படிப்பாள். மாணிக்கவாசகர் எங்கள் ஊரில் பாடியது நீத்தல் விண்ணப்பம். ஐம்பது பாட்டு. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பதால் அர்த்தம் என்று ஒன்றை நான் கேட்டதே இல்லை. அந்த டிசம்பரில் விடியும்வரை தூக்கமில்லாமல் கிடந்தபோதுதான் ஒழுங்காகக் கேட்டேன். ஐம்பது பாட்டிலும் ஒரே கோரிக்கை: என்னைக் கைவிட்டுவிடாதே. என் தொழிலே விண்ணப்பம் போடுவது. பட்டா, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை. நிராகரித்தால் மறுபடி போடுவோம், அதற்கும் மேலே மனு. ஆனால் ஒரே கோரிக்கைக்கு ஐம்பது விண்ணப்பம் போட்ட ஆளை என் கடையில் நான் பார்த்ததில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "இவ்வளவு பெரியவரு, இப்படிப் புலம்பி வச்சிருக்காரே."

"புலம்புனாத்தானப்பா கேக்கும்" என்று விட்டாள்.

அதிலிருந்து புலம்பலுக்கு வெட்கப்படுவதை விட்டேன். தினமும் விடியற்காலை அரை மணி நேரம் அம்மாவிடம் புலம்புவேன். வளையம் கனக்கிறது, துளை அரிக்கிறது, கடை என்ன ஆகும், கடன் என்ன ஆகும். அவள் மறுத்துப் பேச மாட்டாள், தைரியமா இரு என்று சொல்லவும் மாட்டாள். ம் கொட்டிக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்வாள். வெயில் திண்ணைக்கு வந்ததும் புலம்பல் முடியும். முதல் வண்டி வரும். புலம்புவதற்கு ஓர் இடமும், புலம்பாமல் இருப்பதற்கு ஓர் இடமும் எனக்கு வாய்த்தது. இரண்டுமே அதே திண்ணை.

கடை என்ன ஆகும் என்றேனா? சொல்கிறேன். மனைவி எடுத்துக்கொண்டாள். முதல் மாசம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் வரும். மூன்றாம் மாசம் போனே வரவில்லை. நான் தினமும் பத்துப் பேரிடம் "நாளைக்கு வாங்க" என்பேன். அவள் அன்றன்றைக்கே முடித்து அனுப்பினாள். வருமானம் கூடியது. அவளிடம் "ரொம்ப நல்லா நடத்துற" என்று சொல்ல எனக்கு ஆறு மாசம் ஆயிற்று. அந்த ஆறு மாச வலிக்கு எந்த ஊரிலும் கட்டுப் போட மாட்டார்கள்.

மார்கழி வந்தது. தெரிந்த கதைதான் என்றாலும் வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் மரகத நடராஜர் மேல் வருஷம் முழுக்கச் சந்தனம் பூசியிருக்கும். ஆருத்ராவுக்கு முந்தின நாள்தான் களைவார்கள். மேளச் சத்தத்துக்கே மரகதம் உடைந்துவிடும், அதற்குப் பாதுகாப்பாகச் சந்தனக் காப்பு என்று சொல்வார்கள். சைக்கிள் கடைக்காரனுக்கு இது போதாதா?

"சாமியவே உடையாம இருக்க வருஷம் பூரா கட்டுப் போட்டுத்தான் வச்சிருக்காக. அவரும் ஒத்தக் கால்லதான் நிக்கிறாரு. நீ என்னமோ ஊர்ல இல்லாத ஒண்ணு நடந்த மாதிரி கெடக்குற."

2025 ஜனவரியில் சந்தனம் களைந்த அன்று என்னால் போக முடியவில்லை. ஊரே நெரிந்தது. ஆனால் திண்ணையில் எனக்கு அன்று ஓய்வே இல்லை. யாரோ ஒருத்தர் "ஐயா, இந்தப் பையை மட்டும் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து அடுத்தவர். மதியத்துக்குள் கட்டிலுக்கு அடியில் பதினேழு பை, நாற்பது ஜோடிக்கு மேல் செருப்பு, ஒரு தூங்குகிற குழந்தை, அதன் பாட்டி. ராத்திரி திரும்பி வந்தவர்கள் ஒவ்வொருத்தரும் பையோடு எனக்குக் கொஞ்சம் சந்தனம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வளையத்துக்கு மேலே பூச இடமில்லாமல் முழங்காலில் பூசிக்கொண்டேன்.

வழி கேட்கிறவர்கள் அத்தனை பேரிடமும் ஓர் எலும்புக் கதை இருக்கிறது. இது என் கண்டுபிடிப்பு. காலைப் பார்த்ததும் காரை விட்டு இறங்கிவிடுவார்கள். மச்சானுக்குத் தொடை, அத்தைக்கு இடுப்பு, தனக்கே மணிக்கட்டு. புத்தூர்க் கட்டுப் போட்டிருக்கலாமே என்பார்கள். பிரண்டைத் துவையல் சாப்பிடுங்கள், ஆட்டுக்கால் சூப் குடியுங்கள் என்பார்கள். ஆட்டால் விழுந்தவன் ஆட்டுக்கால் சூப்பைக் குடித்தே எழுந்திருக்க வேண்டும் என்பது ஒருவகை நியாயம்தான். பிரண்டையும் சூப்பும் எலும்பை ஒட்டவைத்தனவா என்று கேட்டால், டாக்டர் சொன்னது முட்டை, பால், பருப்பு, மீன், நல்ல வெயில், மாத்திரை. அம்மா எதையும் விடவில்லை, இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டாள். கதை சொல்லிகளில் ஒரு சிலர் மட்டும் "எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படித்தான் வளையம் போட்டாங்க, கடைசில…" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களை அந்த 'கடைசில'யிலேயே நிறுத்தி, "வராகி கோயில் நடை சாத்தப் போறாக, ஓடுங்க" என்பேன். நடை சாத்த இரண்டு மணி நேரம் இருக்கும். பொய்தான்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிற பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். என் மகளைவிடப் பத்து வயசுதான் கூட இருக்கும். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதற்கு என்றுதான் நான் புரிந்துவைத்திருந்தேன். கால் மடக்கவும் ஆள் வரும் என்று தெரியாது. வந்த முதல் நாளே, "வலிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணே. இழுக்குதா, குத்துதா, எரியுதா? பிரிச்சுச் சொல்லுங்க" என்றது. இழுத்தால் நல்லது, செய்யலாம். குத்தினால் நிறுத்த வேண்டும். எரிந்தால் துளையைப் பார்க்க வேண்டும். அதுவரை எனக்கு எல்லாமே ஒரே பெரிய வலி. பிரித்ததும் மூன்றும் அளவில் சின்னதாகிவிட்டன. வளையம் போட்ட காலில் பாதம் கீழ்நோக்கித் தொங்கி அப்படியே நின்றுவிடும் அபாயம் உண்டு. அதற்கு ஒரு ரப்பர்ச் செருப்பில் சைக்கிள் ட்யூபைக் கட்டி வளையத்தோடு இழுத்து மாட்டச் சொன்னது. ட்யூப் எங்கிருந்து வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வளையத்தோடேயே நடக்க வேண்டும், பாரம் கொடுத்தால்தான் எலும்பு கெட்டியாகும் என்றார்கள். ஆனால் அளந்து கொடுக்க வேண்டும், இத்தனை கிலோ என்று. அளக்க எங்கே போவது? மாசி மாசம், எங்கள் பக்கம் முண்டு மிளகாய் வருகிற காலம். எங்கே பார்த்தாலும் களத்தில் சிவப்பாகக் காய்கிறது, காற்றில் நெடி. நான் தும்மினால் காலுக்குப் போய்ச் சேரும், அதனால் மூக்கைப் பிடித்துக்கொண்டே இருப்பேன். பக்கத்து வீட்டுச் சித்தப்பா மிளகாய் வியாபாரி. மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசைத் திண்ணைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். இடது கால் தரையில், வலது பாதம் தராசில், கைத்தாங்கல் இரண்டு பக்கமும். மெதுவாக அழுத்தினால் எண் ஏறும். பத்து. பன்னிரண்டு. முதல் வாரம் பதினைந்துக்கு மேல் போகக்கூடாது. தெருப் பையன்கள் எல்லாம் சுற்றி நின்று கத்துவார்கள். சித்தப்பா மட்டும் தொழில் புத்தியோடு, "வளையத்துக்குக் கழிவு போட்டியா?" என்றார். முப்பது கிலோ வந்த அன்று அவரே ஒரு மூட்டை வத்தலைப் பிரித்துத் தெருவுக்கெல்லாம் ஆளுக்கொரு கை கொடுத்தார். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, சும்மா இல்லை.

ஏப்ரல் 4, கோயிலில் கும்பாபிஷேகம். வாசலில் ஊன்றுகோலோடு நின்றபடி கோபுரத்தைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. இரண்டு நாள் கழித்து, ராமநவமி அன்று, பாம்பன் பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். செல்போனில் பார்த்தோம். தூக்குப் பகுதி மேலே ஏறியது, கீழே கப்பல் போனது. சைக்கிள் கடைக்காரன் என் காலைப் பார்த்தான். வளையம் அப்படியே இருந்தது.

"டிக்கெட் எடு மாப்ள."

எடுத்தேன். போனது ஜூலையில், வளையம் கழற்றிய பிறகு. வளையம் கழற்றியதும் கால் லேசாகிப் பறக்கும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. பத்து மாசம் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று விட்டுவிட்ட மாதிரி பயம். வாழைத்தண்டு மாதிரி மெலிந்த ஒரு கால், சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தழும்பு. இது யாருடையது என்றிருந்தது. ரயில் பாலத்தில் மெதுவாகத்தான் போயிற்று. ஜன்னல் வழியே பழைய பாலம் பக்கத்திலேயே தெரிந்தது, துரு ஏறி, அப்படியே நின்றுகொண்டு. 1964 புயலில் அது உடைந்தபோது 46 நாளில் சரிசெய்தவர் ஸ்ரீதரன் என்று கூட வந்த சைக்கிள் கடைக்காரனிடம் சொன்னேன். "46 நாளா? உன் காலை அவர்கிட்டக் குடுத்திருக்கலாம்" என்றான்.

இப்போது நடக்கிறேன். லேசாக விந்தல் உண்டு. நெடுந்தூரம் என்றால் கைத்தடி. பைக் இன்னும் தொடவில்லை. இந்த மார்கழியில் வரிசையில் நின்று சந்தனம் களைந்த நடராஜரைப் பார்த்தேன். பின்னால் நின்ற பையன் "தாத்தா, உக்காருறீங்களா" என்றான். எனக்கு 46 வயசு. முறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

காலையில் கடைக்குப் போகிறேன். மனைவி ஒரு மேஜை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். ஜெராக்ஸ் மட்டும் என் பொறுப்பு.

கட்டிலைத் திரும்ப உள்ளே கொண்டுபோகலாம் என்று போன வாரம் இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். அம்மா அதன் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, விசிறி, என் பழைய தலையணை. ஒரு வேன் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஆத்தா, இங்கிருந்து சேதுக்கரை எம்புட்டுத் தூரம்?" என்றான்.

"இந்தா, நாலு எட்டு" என்றாள் அம்மா.

"ஆத்தா, அது ரொம்ப தூரம்…" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீதான் எந்திரிச்சிட்டேல்ல, போயி உன் வேலையப் பாரு" என்றாள். வேன் போய்விட்டது.